ஜெர்சி அடிப்பதற்கு முன்னால்: ஊர்ப் பிள்ளைகளுக்குக் கபடிப் பயிற்சி தொடங்க நினைக்கிற வீரர்களுக்கு

ஒப்பந்தம் கையெழுத்தாகி முதல் பணம் கணக்கில் ஏறியதும் நம்ம பக்கத்து ஆட்டக்காரப் பையன்கள் இரண்டு காரியம் செய்வார்கள். ஒன்று, அம்மாவுக்கு வீடு. இன்னொன்று, "அண்ணே, ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யணும், எப்படி ஆரம்பிக்க?" என்று யாருக்காவது போன் போடுவது. அந்த போன் இப்போது எனக்கு அடிக்கடி வருகிறது, ஏனென்றால் என் சித்தப்பா மகன் கபடி லீக்கில் ஆடுகிறான், அவன் பணம் போட, நான் கணக்குப் பார்க்க, திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்கும் களக்காட்டுக்கும் நடுவில் ஒரு ஊரில் முப்பது பிள்ளைகளுக்குச் சாயங்காலப் பயிற்சி நடக்கிறது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் நாங்கள் அடித்த கூத்து. முதல் வருடம் பொங்கலுக்குத் தம்பி ஊருக்கு வந்தபோது அறுபது ஜெர்சி அடித்தோம். முதுகில் அவன் பெயர், நெஞ்சில் அவன் படம், அப்புறம் பந்தல், மைக் செட், சால்வை. ஜெர்சி பார்டருக்கு என்ன கலர் என்று பிரிண்டிங் கடைக்காரர் கேட்டதற்கு, "உங்க இஷ்டம் அண்ணாச்சி, பளிச்சுன்னு இருந்தா சரி" என்று சொல்லிவிட்டேன். அவரும் பளிச்சென்று இரண்டு கலரைச் சேர்த்து அடித்துவிட்டார். எந்த இரண்டு கலர் என்று நான் எழுத வேண்டியதில்லை, மின்கம்பத்தில் அடித்திருக்கிற சாதிக் கலரைப் படிக்கத் தெரியாத ஆள் நம்ம மாவட்டத்தில் கிடையாது. ஒரு தெருப் பிள்ளைகள் அந்த ஜெர்சியைத் தொடவே இல்லை. இன்னொரு தெருப் பிள்ளைகள் விரும்பிப் போட்டார்கள், ஆனால் கபடிக்காகப் போடவில்லை. மாசி பிறந்தபோது களத்தில் ஆடு மேய்ந்தது.

இப்போது எங்கள் ஜெர்சி சாம்பல் நிறம். சிமெண்ட் மூட்டை மாதிரி இருக்கிறது என்று தம்பிக்கு வருத்தம்தான். இருக்கட்டும், யாருக்கும் சொந்தமில்லாத கலர். அணிக்குப் பெயர் வைக்கும்போதும் அதே கவனம் வேண்டும், தெருப் பெயர் வேண்டாம், தலைவர் பெயர் வேண்டாம், சாமி பெயரும் வேண்டாம். ஊருக்குள் வரும் டவுன் பஸ்ஸின் நம்பர்தான் எங்கள் அணியின் பெயர். எல்லாத் தெருக்காரரும் ஏறுகிற ஒரே சாமான் அதுதான்.

ஆக, முதல் ஆறு மாதத்துக்கு ஜெர்சி, பேனர், திறப்பு விழா மூன்றும் கிடையாது என்று எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பழைய பனியனோடு பிள்ளைகள் வரட்டும்.

இடம்

கபடியில் நமக்கு ஒரு வசதி, கிரிக்கெட் மாதிரி ஏக்கர் கணக்கில் இடம் வேண்டாம். ஆண்கள் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8. சுற்றிலும் விழுந்து எழுந்திருக்க இடம் விட்டாலும் எட்டு சென்ட் தாராளம். கிரிக்கெட் வீரர் டி. நடராஜன் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் தன் சொந்த ஊரில் கட்டிய மைதானத்தை 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார், எல்லோரும் அந்தப் படத்தைத்தான் பார்த்தார்கள். அதற்குப் பல வருடம் முன்பே அந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. முதலில் பிள்ளைகள், அப்புறம்தான் கட்டடம். இந்த வரிசையை மாற்றினால் பூட்டிக் கிடக்கும் கேட்தான் மிஞ்சும்.

இடம் எங்கே என்பது எவ்வளவு பெரிசு என்பதைவிட முக்கியம். எங்களுக்கு ஒரு பெரியவர் கோவிலை ஒட்டி நல்ல இடம் சும்மாவே தருகிறேன் என்றார், தங்கமான மனுஷன், உள்நோக்கம் எதுவும் கிடையாது. ஆனால் அந்த இடத்துக்குப் போக ஒரு முடுக்கைத் தாண்ட வேண்டும், அந்த முடுக்குக்குள் சில வீட்டுப் பிள்ளைகள் சைக்கிளை விட்டு இறங்கித்தான் போகும். வேண்டாம் என்று அவர் மனம் நோகாமல் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. கடைசியில் அரசுப் பள்ளி மைதானத்தின் ஒரு மூலை. அதற்குத் தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசி, தீர்மானம் போட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு அனுமதி ஆசிரியர் மாறுதலாகிப் போனால் அவரோடு போய்விடும். குளத்து உள்வாய் காய்ந்து கிடக்கிறதே என்று அங்கே களம் போட்டுவிடாதீர்கள், நீர்நிலை, ஐப்பசி மழையில் களமும் போகும், வழக்கும் வரும்.

மண்ணுக்கு அதிகம் செலவில்லை. உழுது, கல் பொறுக்கி, சலித்த செம்மண்ணும் கொஞ்சம் கரம்பையும் போட்டு, மேலே மரத்தூள் தூவி, தினமும் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் தண்ணீர் தெளித்தால் போதும். கல் பொறுக்குவதைக் கூலிக்கு விடாமல் பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களே செய்யுங்கள். எங்கள் மூலையில் பாட்டில் கண்ணாடி மட்டும் ஒரு கூடை வந்தது. மேட் என்கிற செயற்கை விரிப்பு இப்போதைக்கு வேண்டாம், அது லட்சக்கணக்கு. ஆனால் பெரிய போட்டிகள் மேட்டில்தான் நடக்கின்றன, மண்ணில் சறுக்கிப் பழகிய கால் மேட்டில் அப்படியே ஒட்டி நிற்கும், முழங்கால் திருகிக்கொள்ளும், அதனால் மாதத்தில் ஒரு நாளாவது மேட் இருக்கிற இடத்துக்கு வண்டி பிடித்துக் கூட்டிப் போய்ப் பழக்க வேண்டும்.

2024-ல் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் அரசு விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்கத் தொடங்கியது. சாமான் வாங்கக் கடைக்குப் போகும் முன்னால் ஊராட்சி அலுவலகத்தில் அது எங்கே இருக்கிறது என்று மரியாதையாக ஒரு தரம் கேட்டுவிட்டுப் போங்கள்.

கை கோக்கிற விஷயம்

இதைத்தான் நான் விரிவாக எழுத நினைத்தேன்.

கபடியில் செயின் என்று ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரியாததில்லை. கார்னரில் நிற்பவனும் பக்கத்தில் நிற்பவனும் கையைக் கோத்துக்கொண்டு, எதிரணியிலிருந்து கபடி கபடி என்று பாடி வருகிறவனை மடக்குவது. முதல் வாரம் எங்கள் பயிற்சியாளர் இரண்டு பையன்களைச் சேர்த்து நிறுத்தினார், இருவரும் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. ஒருத்தன் மற்றவனின் சட்டை நுனியைப் பிடித்தான். கையைப் பிடிலே என்றதும் சுண்டுவிரலைப் பிடித்தான். பயிற்சியாளர் ஒன்றும் பேசவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டு இவர்கள் நடுவிலேயே பாடிப் போகச் சொன்னார். அவள் சுண்டுவிரல் பூட்டை அறுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டுத் திரும்பினாள். மறுபடியும். மறுபடியும். பதினொரு தடவை. சுற்றி நின்றவர்கள் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டார்கள். பன்னிரண்டாவது தடவை இரண்டு பையன்களும் மணிக்கட்டோடு மணிக்கட்டு பிடித்தார்கள், அவள் மாட்டிக்கொண்டாள்.

அவர்கள் அன்றோடு நண்பர்களாகிவிட்டார்கள் என்று எழுதினால் பொய். பஸ் ஸ்டாப்பில் இன்றைக்கும் ஆளுக்கொரு பக்கம்தான் நிற்கிறார்கள். களத்துக்குள் பிடிக்கிறார்கள், அவ்வளவு. அதற்கே ஒரு வருடம் உழைக்க வேண்டியிருக்கிறது.

மணிக்கட்டு என்றதும் அதில் கட்டுகிற சாதிக் கயிறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த, ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர்க் குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் கலர் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் கூடாது என்று பரிந்துரைத்தது. பள்ளிக்கு அது சரி. நம்ம களத்தில் அறிக்கையை வாசித்தால், அப்பாமார் சண்டைக்கு வருவார்கள். ஆனால் கபடியில் ஆட்டத்துக்கு முன்னால் நகம் வெட்டியிருக்கிறதா, மோதிரம், காப்பு, செயின் கழற்றியாச்சா என்று நடுவர் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அதையே பிடித்துக்கொண்டோம். களத்து ஓரத்தில் ஒரு நகவெட்டியும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவும். நகம் வெட்டு, கையில் கழுத்தில் இருக்கிறதை டப்பாவில் போடு, உள்ளே போ. எவனையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதில்லை, பெரிய பேச்சு இல்லை, தம்பி வந்தாலும் அவன் வாட்சும் மோதிரமும் அதே டப்பாவுக்குள்தான். ஆட்டம் முடிந்து திரும்ப எடுத்துக் கட்டிக்கொள்கிறவன் கட்டிக்கொள்ளட்டும். சிலது டப்பாவிலேயே தங்கிவிடுகிறது.

தண்ணீருக்கும் ஒரே டிரம், ஒரே குழாய், ஒரே டம்ளர். இதைச் சும்மா போகிற போக்கில் செய்யுங்கள், அறிவிக்காதீர்கள்.

பொம்பளைப் பிள்ளைகள்

பையன்கள் கூப்பிடாமலே வருவார்கள். பொம்பளைப் பிள்ளைகளை வரவைக்க வீடு ஏற வேண்டும். நம்ம பக்கம் முக்கூடல், ஆலங்குளம், கடையம் என்று எங்கே போனாலும் சாயங்காலம் திண்ணையில் பீடித்தட்டு இருக்கும், அம்மா சுருட்ட, பள்ளி விட்டு வந்த மகள் பக்கத்தில் உட்கார்ந்து நுனி மடக்க. நான் போய்க் கேட்ட முதல் வீட்டில் ஒரு பெரியம்மை கையை நிறுத்தாமலே சொன்னாள்: "எய்யா, பிள்ளைய நீ கூட்டிட்டுப் போயிட்டா இந்தத் தட்டுக்கு யாரு உக்காருவா, ஒங்க தம்பியா?"

நியாயமான கேள்வி. ஆயிரம் பீடி கணக்குக் கொடுக்க வேண்டியவளுக்கு இரண்டு மணி நேரக் கை குறைந்தால் அன்றைக்கு நூறோ இருநூறோ பீடி குறையும், வாரக் கூலியில் தெரியும். "கல்விதான் முக்கியம், விளையாட்டுதான் எதிர்காலம்" என்று அந்தத் திண்ணையில் நின்று பேசாதீர்கள், அசிங்கமாக இருக்கும். நாங்கள் செய்தது இவ்வளவுதான்: பெண்களுக்குப் பயிற்சி வாரத்தில் நான்கு நாள் மட்டும், நாலரைக்கு ஆரம்பித்து ஆறு மணிக்கு வீட்டில், பீடி ஒப்படைக்கிற நாளில் கிடையாது. சனி, ஞாயிறு காலையில் கொஞ்சம் கூடுதல். கூட்டிக்கொண்டு போய்த் திரும்ப விட ஊர் அக்கா ஒருத்தர், அவருக்குச் சம்பளம். பேன்ட் போடக் கூடாது என்ற வீடுகளில் வாக்குவாதமே செய்யவில்லை, முழுக்கால் டிராக் பேன்ட்டும் கைவைத்த டீசர்ட்டும் கொடுத்தோம், முடிந்தது. கழிப்பறைச் சாவி அந்த அக்காவிடம் இருக்கும், நாப்கின் அதே அலமாரியில். இந்தக் கடைசி இரண்டும் இல்லாவிட்டால் மாதத்தில் ஐந்து நாள் பாதி அணி வராது, ஏன் வரவில்லை என்று நீங்களும் கேட்க முடியாது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் கபடி அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா துணைத் தலைவி. அந்தப் படத்தை நான் போனில் காட்டியபோது பெரியம்மை பீடியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். "இந்தப் பிள்ளைக்கும் வீட்டுல கஷ்டந்தானா?" என்றாள். மறுவாரம் அனுப்பினாள்.

சாப்பாடும் செலவும்

வெறும் வயிற்றில் வருகிற பிள்ளையை ஓடவிடாதீர்கள். மதியம் பள்ளியில் சாப்பிட்டது நாலரை மணிக்கு எங்கே இருக்கும். வந்ததும் ஏத்தன் பழமோ அவித்த பயறோ ஒரு கை, ஆட்டம் முடிந்ததும் முட்டை. முப்பது பிள்ளை, மாதம் இருபத்தைந்து நாள், 750 முட்டை, ஒன்று ஆறரை ரூபாய் என்று வைத்தாலும் ஐயாயிரத்துக்குள். நாங்கள் அறுபது ஜெர்சிக்கும் பந்தலுக்கும் கொட்டிய பணத்தில் ஒரு வருட முட்டை வாங்கியிருக்கலாம் என்று அப்புறம்தான் கணக்குப் போட்டேன். முட்டையைக் கையில் கொடுத்து அங்கேயே உரித்துத் தின்ன வையுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் அது தம்பி தங்கச்சிக்குப் போகும், தப்பில்லைதான், ஆனால் ஆடுகிறவன் உடம்பு ஏறாது.

அப்புறம் அடி. கபடியில் முழங்காலும் தோளும் போகாமல் இருக்காது. ஐஸ் பெட்டி, டேப், ஒரு ஆட்டோக்காரர் நம்பர் எப்போதும் களத்தில் இருக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக் குழு விபத்துக் காப்பீடு போட்டுவிடுங்கள், குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று சேர்க்கும்போதே பாருங்கள். கால் வீங்கினால் எண்ணெய் போட்டு நீவிவிட்டு மறுநாள் ஆடவைக்கிற பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஒரு தடவை காட்டிவிட்டால் மனசு நிம்மதி.

பயிற்சியாளர், பாதுகாப்பு

பயிற்சியாளர் நீங்கள் இல்லை. வருடத்தில் பாதி நாள் நீங்கள் முகாமில் இருப்பீர்கள். மாதச் சம்பளம் கொடுத்து ஆள் வையுங்கள், ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் கிடைத்தால் யோசிக்காதீர்கள், பெண்கள் அணிக்குப் பெண் பயிற்சியாளர் கட்டாயம். உறவுக்காரர் என்பதற்காக யாரையும் உள்ளே விடாதீர்கள், எல்லோருக்கும் போலீஸ் சரிபார்ப்பு, எனக்கும் சேர்த்துத்தான். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக அறையில், வண்டியில், ராத்திரி போனில் இருக்கக் கூடாது. வெளியூர்ப் போட்டிக்குப் பெண் துணை இல்லாமல் பெண்கள் அணி கிளம்பாது. ஏதாவது காதுக்கு வந்தால் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கிற வேலையே கூடாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதே குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி நம்பரை களத்துச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள், உங்கள் பெயரை எழுதுகிற இடத்தில்.

காகித வேலை

சுருக்கமாகச் சொல்கிறேன். அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ், குறைந்தது ஏழு பேர். இரண்டில் எதுவானாலும் தனியாக பான் கார்டு, தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, அதில் ஒருத்தர் உங்கள் குடும்பமாக இருக்கக் கூடாது. வீரரின் சொந்தக் கணக்கில் நன்கொடை வாங்கினால் ஒருநாள் வருமான வரிக்காரர்களும் கேட்பார்கள், ஊரும் கேட்கும், இரண்டாவதுதான் கஷ்டம். எல்லோரும் 12ஏ, 80ஜி என்று பழைய எண்ணில் சொல்கிற வரிவிலக்குப் பதிவையும் ஆடிட்டரை வைத்து வாங்கிவிடுங்கள், கம்பெனிகள் பணம் தர நினைத்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

வெளிநாட்டுப் பணத்தில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். துபாயில் வேலை பார்க்கிற நம்ம ஊர்க்காரர், கையில் இந்திய பாஸ்போர்ட், சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்புகிறார் என்றால் சிக்கல் இல்லை. அதே ஆள் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை, அதற்கு மத்திய அரசின் எஃப்சிஆர்ஏ அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. சொந்த அத்தானாக இருந்தாலும் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள்.

மாதக் கணக்கை ஒரு பக்கத்தில் கையால் எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டிவிடுவேன். முட்டை இவ்வளவு, வண்டி இவ்வளவு, சம்பளம் இவ்வளவு. ஒரு மாதம் பெட்ரோல் நானூறு ரூபாய் கூட என்று டீக்கடையில் நான்கு பேர் விசாரித்தார்கள். நல்லதுதான்.

ஆட்டத்துக்கு அப்புறம்

"கபடி ஆடி என்னத்த கிடைக்கும்" என்று ஒவ்வொரு அப்பாவும் கேட்பார். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் ஆடி, அடுத்த வருடம் அர்ஜுனா விருது வாங்கிய மணத்தி கணேசன் நம்ம தாமிரபரணிக் கரைக்காரர்தான் என்று சொல்லலாம், சொல்லுங்கள், ஆனால் எல்லாப் பிள்ளையும் கணேசன் ஆகிவிடாது. அதனால் கையில் இருக்கிற வழியையும் காட்டுங்கள். பள்ளிப் போட்டிகளில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும் ஏணி, முதலமைச்சர் கோப்பை, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதித் தேர்வு, கல்லூரி இடம், அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீதம். இதற்கெல்லாம் சான்றிதழ்தான் உயிர். பிள்ளைக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல், உள்ளே பிறப்புச் சான்று, ஆதார் நகல், போட்டிச் சான்றிதழ்கள், அசல் வீட்டில், நகல் நம்மிடம். வயதைக் குறைத்து ஆடவைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், ஒரு பிள்ளை மாட்டினால் மொத்த அணியும் போகும்.

மார்க் குறைந்தால் களத்துக்கு வராதே என்று சிலர் விதி போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒன்பதாம் வகுப்பில் பெயிலாகி நிற்கிற பையனைத்தான் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ சென்னை மளிகைக் கடைக்கோ கூட்டிப் போக ஆள் காத்திருக்கிறது, களத்தையும் மூடினால் அவன் அன்றைக்கு ராத்திரியே பஸ் ஏறிவிடுவான். ஆட்டத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரம் கணக்கும் இங்கிலீஷும், பாடம் நடத்த ஊரில் டிகிரி முடித்துச் சும்மா இருக்கிற ஒரு பெண்ணுக்குச் சம்பளம். அங்கே உட்கார்ந்தால் களம். இதுதான் எங்கள் விதி.

கோவில் கொடைத் திருவிழா சமயத்தில் ராத்திரி மேட்ச்சுக்குக் கூப்பிடுவார்கள், பரிசு கிடாவும் ரொக்கமும். பதினெட்டு வயது ஆகாதவர்களை அனுப்புவதில்லை. விடிய விடிய ஆட்டம், குடித்துவிட்டு நிற்கிற கூட்டம், தோற்ற ஊரில் கல் பறக்கும்.

பணம் நின்றால்

இதை யாரும் யோசிப்பதில்லை. போன வருடம் தம்பிக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது, சீசன் போச்சு, ஒப்பந்தப் பணம் பாதியாயிற்று. அதற்கு முன்னால் நல்லவேளையாக ஆறு மாதச் செலவை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டிருந்தோம், அதைத் தொடக் கூடாது என்று நான் சொன்னதற்காக முதல் வருடம் முழுக்க என்னோடு சண்டை போட்டிருக்கிறான். அந்த ஆறு மாதமும் அவன் ஊரிலேயே இருந்தான். ஆட முடியாது, குனிய முடியாது. ஒரு நாற்காலியைப் போட்டுக் களத்து ஓரத்தில் உட்கார்ந்து ஹோஸ் பைப்பில் மண்ணுக்குத் தண்ணீர் தெளிப்பான், பிள்ளைகள் வந்ததும் டப்பாவை நீட்டுவான், முட்டை உரித்துக் கொடுப்பான். அதுவரை அவனைத் தூரத்தில் நின்று அண்ணா என்று கூப்பிட்ட பிள்ளைகள், "எண்ணே, இன்னைக்கு மண்ணு சேறா இருக்கு, இவ்வளவு தண்ணியா விடுவாவ?" என்று ஏச ஆரம்பித்தது அந்த ஆறு மாதத்தில்தான்.